அடுப்புப் பக்கத்துக் கயிறு

…இல்லை, இன்றைக்கும் சொல்லப் போவதில்லை, காலையில் பல் தேய்க்கும்போதே அது தெரிந்துவிட்டது, கண்ணாடியைப் பார்த்து ‘இன்னைக்கு’ என்றேன், வாய் நிறைய நுரை, துப்பினேன், அதோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. இப்போது போர்ட் அகஸ்டாவில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் நிற்கிறேன், வெளியே நாற்பத்தொரு டிகிரி, உள்ளே குளிரூட்டி என் முதுகு வியர்வையை அப்படியே சில்லிட வைக்கிறது, கடைக்காரி ட்ரூடி வண்டிப் பந்தல்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வண்டியின் மேல்கம்பியில் நீளப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும், முகாம் போடும் இடத்தில் இழுத்தால் படுதா விரிந்து நிழல் தரும், இதில் பார்த்து எடுக்க என்ன இருக்கிறது என்று போன ஈஸ்டருக்கு முந்தைய நெரிடாவாக நான் இருந்தால் கேட்டிருப்பேன். ட்ரூடி மெர்வைப் பார்த்துத்தான் பேசுகிறாள், ஆம்பிளைதானே கட்டப் போகிறவன் என்ற நினைப்பில், "நீங்க பெரும்பாலும் எங்க போவீங்க, மணலா, கட்டாந்தரையா?" என்று கேட்கிறாள், என் புருஷன், கிம்பா ஊரின் தீயணைப்புத் தொண்டர் படைக்கு இருபத்திரண்டு வருஷம் தலைவனாக இருந்தவன், காட்டுத் தீயின் நடுவில் நின்று யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கத்தியவன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொல்கிறான்: "அவளையே கேளுங்க. நான் சொன்னா சரியா இருக்காது." ட்ரூடி சிரிக்கிறாள், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பனிப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையிலிருந்து கிளெம் குரல் கொடுக்கிறான், மெர்வின் தம்பி, அறுபத்தொரு வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. "ட்ரூடி, எங்க அண்ணனுக்குக் கயிறே இல்லாத பந்தலாப் பாத்துக் குடுங்க. கயிறு கட்டுற விஷயத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம் உண்டு." சொல்லிவிட்டு இடது கண்ணை நகத்தால் தட்டுகிறான், டொக் என்று சத்தம், கண்ணாடிக் கண், அசலைவிட நீலம் கொஞ்சம் கூடுதல். ட்ரூடிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மெர்வ் சிரிக்கிறான், ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுகிறான், கிளெம் நோகடிக்கச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், கிளெம் போல நல்ல மனசு யாருக்கு வரும், ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வேடிக்கைப் பேச்சை வாங்கிக்கொண்டவன்… ஆனால் அந்த டொக் சத்தம் என் கடைவாய்ப் பல்லில் வந்து இறங்குகிறதே, அது யாருக்குத் தெரியும்.

நடந்தது நாலே வாக்கியம், நாலு வாக்கியத்தைச் சொல்ல ஒரு மனுஷிக்குப் பதினோரு மாசமா? ஸ்ட்ரீக்கி பே தாண்டி நாங்கள் வழக்கமாகப் போகும் அந்த வளைகுடா, காலையிலிருந்து வடக்கிலிருந்து வீசும் அனல்காற்று, மெர்வ் பந்தலை இழுத்து விரித்து அதன் இரண்டு கால்களையும் ஊன்றினான், மூலைக்கு ஒரு கயிறாக இரண்டு கயிறு, கடல் பக்கம் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று, முழங்கை நீள இரும்பு முளைகளை மணலில் அடித்து இறக்கிக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு விரலால் சுண்டிப் பார்த்தான், கிட்டார் கம்பி மாதிரி அது அதிர்ந்தது, அப்புறம் விறகு பொறுக்க மணல்மேட்டுக்குப் பின்னால் போனான். நான் நண்டு வேக வைக்கத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கும் வண்டிக்கும் நடந்தேன், அந்தக் கயிறு குறுக்கே, முதல் தடவை தடுக்கியது, இரண்டாம் தடவை பாதித் தண்ணீர் காலில், சனியனே என்று பானையை இறக்கி வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன், ஆமாம், நான்தான், இந்தக் கையால்தான், அவிழ்த்துப் பந்தல் காலின் மேல் சுற்றிப் போட்டேன், பானையை வைத்துவிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று. அதற்குள் தண்ணீர் விளிம்பிலிருந்து கிளெம் கத்தினான், "நெரி, ஓடி வா, வலையைப் பாரு!" ஓடினேன், பத்துப் பதினைந்து நீல நண்டுகள், ஒன்று அவன் செருப்பைக் கவ்விக்கொண்டு விடவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தோம், அவ்வளவுதான், கயிறு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. கிளெம் முன்னால் போய்ப் பந்தலுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்து பீர் உடைத்தான். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தெற்கே வானத்தின் அடியில் பழுப்பாக ஒரு கோடு. காற்று அப்படியே திரும்பியது, அந்தக் கரையில் தெற்குக் காற்று திரும்பும்போது யாரையும் கேட்டுக்கொண்டு திரும்பாது, ஈரப் போர்வையை உதறின மாதிரி ஒரு சத்தம், பந்தல் முழுசாக வானத்துக்கு எழும்பி வண்டிக்கு மேல் புரண்டது, கட்டாத பக்கத்துக் கால் சுழன்று வந்த வேகத்தில் அதன் இரும்புப் பாதம்…

போதும். அதற்கு அப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்த முளை. துண்டை வைத்துக் கிளெமின் முகத்தை அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறேன், மணலில் இரும்பு முளை நேராக நிற்கிறது, அதில் கயிறு இல்லை, மணல்மேட்டிலிருந்து ஓடி வந்த மெர்வும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். "கட்டுனேனே… ரெண்டையும் கட்டுனேனே நெரி." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, சொல்ல நேரமா அது? அப்புறம் கிளெமை அடிலெய்டுக்கு விமானத்தில் ஏற்றினார்கள், அப்போது நேரமா? ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் மெர்வ் மறுபடி, "கட்டுனதாத்தான் நெனைச்சேன்" என்றான், வார்த்தை ஒரு படி இறங்கிவிட்டது, கவனித்தேன், கவனித்துவிட்டுக் காப்பி வாங்கப் போனேன். மூன்றாம் நாள் டாக்டர்கள் கண்ணை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த கிளெம் தலைமாட்டில் நின்ற அண்ணனின் கையைப் பிடித்து, "விடுடா மெர்வ், மறந்துட்டே, மனுஷன்தானே, எனக்கு இன்னொண்ணு இருக்குல்ல" என்றான், மெர்வ் குழந்தை மாதிரி அழுதான், "ஆமாடா, கட்டலை போல இருக்கு" என்றான், நான் கட்டில் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு நடந்து முடிந்துவிட்டது, ஆள்தான் மாறிவிட்டது. அதற்கு மேல் வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பிரித்துப் போட வேண்டும், அவன்தான் மன்னிக்கப்பட்டுவிட்டானே, இதில் அவனுக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்தேன், ஆமாம், அப்படி நினைத்தவள்தான் நான்.

"…இது இருநூத்தி எழுபது டிகிரி, வண்டியோட ஒரு பக்கமும் பின்பக்கமும் சேத்து விசிறி மாதிரி சுத்தி விரியும், காலே வேணாம், வண்டியில மாட்டின கம்பிக் கை மேலயே நிக்கும், ஆனா கனம் ஜாஸ்தி, முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும், உங்க மேல்கம்பி தாங்குமான்னு பாக்கணும்" என்கிறாள் ட்ரூடி. நான் படுதாவைத் தடவிப் பார்க்கிறேன், கித்தான், தடிமனாக, புதுத் துணிக்கே உள்ள மெழுகு வாடை. "காத்து அடிச்சா?" என்று மெர்வ் கேட்கிறான், கடைக்குள் வந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை. ட்ரூடி பொறுமைசாலி. "எந்தப் பந்தலா இருந்தாலும் காத்து அடிச்சா கயிறு கட்டித்தான் ஆகணும், பலமா அடிச்சா சுருட்டித்தான் ஆகணும். கயிறே வேணாம்னு யாராச்சும் வித்தா அவன்கிட்ட வாங்காதீங்க." மெர்வ் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு நோட்டை எடுக்கிறான். எடுக்காதே, தயவுசெய்து இவள் முன்னால் எடுக்காதே… எடுத்துவிட்டான், பென்சில் நுனியை நாக்கில் தொட்டு எழுதுகிறான். அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ‘கேஸ் மூடியது 7.10. நெரி பார்த்தாள்.’ ‘பின்கதவு பூட்டியது 9.30. நெரி பார்த்தாள்.’ ஒவ்வொரு பக்கத்திலும் நெரி பார்த்தாள், நெரி பார்த்தாள். அவன் செய்தது அவனுக்கே நிச்சயமில்லை, நான் பார்த்தால்தான் நடந்ததாகக் கணக்கு, உலகத்திலேயே நம்பத் தகுந்த சாட்சி என்று என்னைப் பிடித்து வைத்திருக்கிறான்.

அவனுடைய அப்பா அறுபத்தாறு வயதில் மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவி, அப்புறம் பெயர்கள், அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் உள்ளாடையோடு கோதுமை வயலின் நடுவில் நின்று, விற்று முப்பது வருஷமான குதிரைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், போய்க் கூட்டி வந்தவன் மெர்வ். இவனுக்கு இப்போது அறுபத்து நாலு. அந்த முளையைப் பார்த்த நிமிஷத்தில் அவன் பார்த்தது கயிற்றை அல்ல, அப்பாவை, அது எனக்கு மே மாதக் கடைசியில்தான் புரிந்தது, தீயணைப்புப் படைத் தலைமையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "எவனையாச்சும் தீக்குள்ள அனுப்பிட்டு மறந்துட்டேன்னா?" என்று கேட்டபோது. சொல்லியிருக்கலாம், அன்றைக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாம், ஆனால் அதற்குள் இரண்டு மாசம் ஆகிவிட்டிருந்தது, ‘இரண்டு மாசமா ஏன் சொல்லலை’ என்று கேட்டால்? அப்புறம் நாலு மாசம், அப்புறம் எட்டு, கயிற்றை அவிழ்த்தது ஒரு நிமிஷத் தப்பு, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, இந்த மாசங்களுக்குத்தான் பதில் இல்லை. இப்போது அவன் தூரத்துக்கு வண்டி ஓட்டுவதில்லை, இன்றைக்கும் நான்தான் ஓட்டி வந்தேன். வியாழக்கிழமை வயாலாவில் ஞாபக சக்திப் பரிசோதனை, அவனே போன் பண்ணி நாள் வாங்கிவிட்டான். என்ன கேட்பார்கள்? கடிகாரம் வரையச் சொல்வார்களாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வார்களாம், குளியலறையில் அவன் முணுமுணுப்பது கேட்கிறது, தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது… நன்றாக இருக்கிற தலையை அவனே தட்டித் தட்டி ஓட்டை தேடுகிறான், பயந்தால் எவனுக்கும் கணக்குத் தப்பும், தப்பினால்? தப்பினால் ஒரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவான், அப்புறம் நான் சொன்னாலும்…

கிளெம் தோளை இடிக்கிறான். "என்ன நெரி, பந்தல் பாக்க வந்தியா, சவ அடக்கத்துக்கு வந்தியா? மூஞ்சியப் பாரு." இந்த ஈஸ்டருக்கு அதே வளைகுடாவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவன் யோசனைதான். கண் போன இடத்துக்கே எதற்கு என்று மெர்வ் மாட்டேன் என்றான். "ஒத்தக் கண்ணுல பாத்தாலும் அதே கடல்தாண்டா, வா" என்று கிளெம் மாசக்கணக்காக நச்சரித்துச் சம்மதிக்க வைத்தான், கிழிந்த பந்தலுக்குப் பதில் புதிசு என் செலவு என்றான். மெர்வ் ஒரு நிபந்தனை போட்டான், எதை வாங்குவது என்று நெரி சொல்லட்டும், கயிறும் நெரியே கட்டட்டும். நெரியே கட்டட்டும்! "விசிறி மாதிரி விரியுற இதையே எடுத்துக்கலாம்" என்கிறேன் ட்ரூடியிடம் அவசரமாக, கால் இல்லாதது, சுழன்று வருவதற்கு ஒன்றும் இல்லாதது, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் போதும், "இதுவே நல்லா இருக்கு." ட்ரூடி விடவில்லை. "பாக்காம எடுக்காதீங்க. பின்னாடி முற்றத்துல ரெண்டு மாதிரியும் வண்டியில மாட்டி வச்சிருக்கேன், விரிச்சுக் காட்டுறேன், காத்தும் இன்னைக்கு நல்லா இருக்கு, எப்படி நிக்குதுன்னு தெரியும்."

காற்று நல்லா இருக்கு. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைகிறது, அதே வடக்குக் காற்று, முற்றத்துப் புழுதி காலுக்கடியில் ஓடுகிறது, கம்பி வேலியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பை படபடவென்று அடித்துக்கொள்கிறது. ட்ரூடி விசிறிப் பந்தலை விரித்தாள், பெரிய வௌவால் மாதிரி அது பிரிந்தது, மெர்வ் இரண்டடி பின்வாங்கினான், நான் பார்த்தேன். "பயந்துட்டியா?" என்றான் கிளெம். அப்புறம் அடுத்த வண்டிக்குப் போய்ப் பழைய மாதிரிப் பந்தலை இழுத்தாள், இரண்டு கால், மூலைக்கு ஒரு கயிறு, எங்களிடம் இருந்தது போலவே, நிறம்கூட அதே சாம்பல். "இது லேசு, ஒரு ஆளே விரிச்சிரலாம், நிறையப் பேரு இதைத்தான் வாங்குறாங்க. சார், அந்தப் பக்கத்துக் கயித்தைக் கட்டுங்களேன், முளை ஏற்கெனவே தரையில இருக்கு." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆள் தேவைப்பட்டது. நான் கட்டுகிறேன் என்று நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் மெர்வ் குனிந்துவிட்டான்.

நாற்பது வருஷம் கயிறு கட்டிய கை. முளையில் சுற்றி, இழுத்து, ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. நிமிர்ந்தான். சுண்டிப் பார்த்தான். போதும், அவ்வளவுதான், எழுந்து வா… மறுபடி குனிந்து அவிழ்த்தான். மறுபடி கட்டினான். இரண்டு முடிச்சையும் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான், உதடு அசைந்தது, ஒண்ணு, ரெண்டு. நோட்டை எடுத்தான், எழுதினான், மணிக்கட்டைத் திருப்பி நேரத்தையும் பார்த்து எழுதினான், பிறகு அந்த வெயிலில் மண்டியிட்டபடியே தலையைத் தூக்கி, பள்ளிக்கூடப் பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, "நெரி, பாத்தியா?" என்றான். ட்ரூடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, இது பெண்டாட்டிக்குப் பயம் இல்லை, வேறு ஏதோ. கிளெம் சும்மா இருந்திருக்கலாம். அவனால் சும்மா இருக்க முடியாது, மௌனம் வந்தால் அதில் ஒரு கல்லைப் போடாமல் அவனால் முடியாது. "சரியாப் பாத்துச் சொல்லு நெரி. இந்தத் தடவை மறந்தான்னா எனக்குக் குடுக்க வேற கண்ணு இல்ல." மெர்வ் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"நான்தான் அவுத்தேன்." யார் சொன்னது? என் குரல்தான், ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கிருந்தோ கேட்டது. மெர்வ், "இல்ல, இதை நான்தான் இப்ப…" என்றான். "இதை இல்ல. அன்னைக்கு. அடுப்புப் பக்கத்துக் கயிறு. நீ கட்டியிருந்தே. தண்ணிப் பானை தூக்கிட்டுப் போறப்ப தடுக்குச்சு, நான் அவுத்துக் கால் மேல போட்டேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன். நீ மறக்கல மெர்வ், நான்தான் மறந்தேன்." நாலு வாக்கியம் என்று எண்ணி வைத்திருந்தேன், கூடிவிட்டது. பிளாஸ்டிக் பை வேலியில் அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரூடி தான் பிடித்திருந்த முனையை மெதுவாகத் தாழ்த்திவிட்டு, "நான் உள்ள… விலைப் பட்டியல் எடுத்துட்டு வர்றேன்" என்று போய்விட்டாள், நல்ல பெண். நான் மெர்வின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போது எழுந்து வருவான், கத்துவான், கத்தட்டும், இந்த முற்றம் அதிரக் கத்தட்டும், முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் என் மேல் கை வைத்ததில்லை, இன்றைக்கு வைத்தாலும் வைக்கட்டும்…

அவன் எழவில்லை. "நான் கட்டியிருந்தேனா?" என்று கேட்டான். "கட்டியிருந்தே." "ரெண்டு முடிச்சா?" "ரெண்டு முடிச்சு. ரொம்ப இறுக்கம். அவுக்கிறதுல என் நகம் ஒடிஞ்சுது." அதைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்தது என்ன என்று நான் எப்படிச் சொல்வேன், கோபம் இல்லை, வருத்தம் இல்லை, தீக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரியும்போது அவன் முகம் அப்படி ஆகும், இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். "கட்டியிருந்தேன்" என்றான், எனக்குச் சொல்லவில்லை, தரைக்குச் சொன்னான். "எனக்குத் தெரியும். கடல் பக்கம் கட்டிட்டு, இந்தப் பக்கம் வந்து, முளையில மணல் எளகலா இருந்துச்சு, இன்னும் நாலு அடி அடிச்சேன், அப்புறம் கட்டுனேன். எனக்குத் தெரியும். கிளெம், நான் கட்டுனேன்டா." சிரித்தான், கண்ணில் நீர் கொட்டியது, முழங்கையால் துடைத்துக்கொண்டான். "வியாழக்கிழமை போக வேண்டாம். போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிரலாம்." எனக்கும் அழுகை வந்தது, நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள், அது என்னுடைய நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

கிளெம் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தான். அப்புறம், "அந்தத் தண்ணி எதுக்கு, டீக்கா?" என்றான். "நண்டுக்கு" என்றேன். "அந்த நண்டை யாராச்சும் தின்னீங்களா?" "இல்ல கிளெம்." தலையாட்டினான், அது ஏதோ முக்கியமான விவரம் போல. "அப்ப பதினோரு மாசமா நான் தப்பான ஆளைக் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றான். வழக்கமாக இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் கடைசியில் கண்ணைத் தட்டுவான். தட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய் அண்ணனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான், இரண்டு பேரும் முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் எப்போதும் நான்தான் நிற்பேன், சண்டை என்றால் சமாதானம் பண்ண, சிரிப்பு என்றால் சேர்ந்து சிரிக்க, இன்றைக்கு அவர்கள் நின்ற இடத்திலிருந்து நான் நாலு எட்டு தள்ளி இருந்தேன், அந்த நாலு எட்டை யார் முதலில் எடுத்து வைப்பது என்று தெரியவில்லை.

ட்ரூடி திரும்பி வந்தபோது மெர்வ் அவளை நோக்கி நடந்தான். "இதையே எடுத்துக்கறோம், இந்தக் கால் வச்சதை" என்றான். அந்தக் குரல்! அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, தெளிவாக, அடித்தொண்டையிலிருந்து, எதிரே நிற்பவனை ஓட வைக்கிற குரல். "ரெண்டரை மீட்டர். இடது பக்கம் மாட்டுங்க, பின்கதவு தொறந்தா இடிக்காம ஒரு சாண் முன்னால தள்ளி. தாங்கி மூணு போடுங்க, ரெண்டு பத்தாது. மணலுக்கு நீட்டு முளை தனியா வேணும், எட்டு குடுங்க. என்னைக்குப் பொருத்துவீங்க?" அடுத்த செவ்வாய் என்றாள் ட்ரூடி. "ஒன்பது மணிக்கு வண்டியோட இருப்பேன்" என்றான், எழுதிக்கொள்ளவில்லை, நோட்டு சட்டைப் பையில் அப்படியே இருந்தது. கிளெம் பணம் கட்டினான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோபமாக இருந்துவிட்டால் சமாளித்துவிடலாம், மெர்வின் கோபம் எனக்குப் பழக்கம், வரும், ஒரு மணி நேரம் கொட்டகையில் எதையாவது சுத்தியலால் அடிக்கும், அப்புறம் டீ கேட்டு உள்ளே வரும். இது அது இல்லை. வண்டியருகே வந்ததும் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான். என்ன என்று ஒரு நொடி விளங்கவில்லை, கையைப் பிடிக்கச் சொல்கிறான் என்றுகூட நினைத்துவிட்டேன். சாவி. கொடுத்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, என் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருந்ததைப் பின்னால் தள்ளிச் சரிசெய்தான், கண்ணாடிகளைத் திருப்பினான், பாலத்தைத் தாண்டும்போதே வேகம் நூறைத் தொட்டது.

கிளெம் பின்சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான், தூங்குகிறானா, தூங்குவது போல இருக்கிறானா. இரண்டு பக்கமும் உப்புப் புதர், சிவப்பு மண், எதிரே ஒரு மூன்று பெட்டி லாரி வந்து காற்றால் வண்டியை உலுக்கிவிட்டுப் போயிற்று, மெர்வின் கை ஸ்டியரிங்கில் அசையவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். மன்னித்துவிடு என்று சொல்லவே இல்லையே, அவிழ்த்தேன் என்றேன், மறந்தேன் என்றேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை, இப்போது சொன்னால் எப்படி இருக்கும், ‘பயமா இருந்துச்சு மெர்வ்’ என்று ஆரம்பிக்கலாமா, எதற்குப் பயம் என்று கேட்டால்… அயர்ன் நாப் தாண்டியதும் அவனே பேசினான். குரலில் சூடே இல்லை, வழியில் தெரிகிற ஏதோ ஒன்றைக் காட்டிச் சொல்கிறவன் மாதிரி. "ஜூன் மாசம். அப்பா கல்லறைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தோம். மழை. நீ பச்சைக் கோட்டு போட்டிருந்தே." "ம்" என்றேன். "நீதான் ஓட்டுனே. நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். நானும் அவரை மாதிரி ஆயிட்டா என்னைக் கொண்டுபோய் எங்கயும் விட்டுராம வீட்டுலயே வச்சுப் பாத்துக்குவியான்னு." எனக்கு ஞாபகம் இருந்தது. பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன், அவன் தொடையில் கூடத் தட்டிக் கொடுத்தேன், அதுவும் ஞாபகம் இருந்தது. "நீ பதில் சொல்றதுக்கு முன்னால கண்ணாடித் துடைப்பான் மூணு தடவை போயிட்டு வந்துச்சு" என்றான் மெர்வ். "நான் எண்ணுனேன். பாவம், என்னை நெனச்சுப் பயப்படுறாள்னு நெனச்சேன்."

மூன்று தடவை. எனக்கு அது நினைவே இல்லை, மழை நினைவிருக்கிறது, கோட்டு நினைவிருக்கிறது, அந்தத் துடைப்பான், அந்த மௌனம், அதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், சொல்லிவிடலாமா என்றுதானே… அவன் வேறெதுவும் கேட்கவில்லை, சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான், ஆனால் நெற்றியில் அந்தச் சுருக்கம் விழுந்திருந்தது, எதையாவது ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அவனுக்கு விழுகிற சுருக்கம். இந்த மனுஷனின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை, பதினோரு மாசத்தில் ஒரு நாளைக்கூட அவன் தொலைக்கவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, இனிமேல் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பான். கிம்பாவுக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர், அவன் இப்போதுதான் ஜூனுக்கு வந்திருக்கிறான்.